30,000 கட்டடங்கள், 2 மாதங்கள், 1 வாவி! தெரியுமா?

செட்டிபாளையம் எங்கே இருக்கிறது தெரியுமா? மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே வாருங்கள். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம் எல்லாம் தாண்டியதும் வரும். கிழக்கே வங்கக்கடல்! மேற்கே மட்டக்களப்பு வாவி! நடுவில் நாடாவை விரித்துப் போட்டது போல ஒரு மணல் தரை. வீடு, கோயில், பள்ளிக்கூடம், தென்னை, கிணறு, வீதி எல்லாமே அந்த நாடாவின் மேல்தான்!

‘ஸ்மார்ட் நகரம்’ என்ற பேச்சை எடுத்தாலே சிங்கப்பூரும் துபாயும்தானே கண்ணில் தெரிகின்றன? இரண்டு தண்ணீருக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு மட்டக்களப்பு ஊருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றுகிறதா? கேளுங்கள்! வாயடைத்துப் போவீர்கள்!

மட்டக்களப்பை வீடு வீடாக வரைந்தார்கள், தெரியுமா?

2013ஆம் ஆண்டு. உலக வங்கியும் இலங்கை அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கின. எடுத்துக்கொண்ட இடம் கொழும்பு அல்ல, கண்டி அல்ல. மட்டக்களப்பு நகரம் அடங்கிய மண்முனை வடக்குப் பிரதேசம்!

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடத்தில் நகரத்தின் கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். முதலில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கூரைகளின் ஓரத்தைக் கோடு போட்டு எடுத்தார்கள். பிறகு வீதியில் இறங்கி நேரில் பார்த்து விவரம் சேர்த்தார்கள். எத்தனை கட்டடங்கள் தெரியுமா? 30,000க்கும் மேல்! எத்தனை நாளில்? ஏறத்தாழ இரண்டே மாதங்களில்!

அந்த விவரத்தில் என்ன இருந்தது என்பதுதான் விசேஷம். கட்டடம் எதற்குப் பயன்படுகிறது? எத்தனை மாடி? எதனால் கட்டியது? இவ்வளவு சின்னக் கேள்விகளா என்று நினைக்கிறீர்களா? வெள்ளம் வரும் இரவில் இவைதான் உயிர்! இரண்டு மாடி வீட்டுக்காரர் மேலே ஏறிவிடுவார். ஓலைக் குடிசைக்காரர் எங்கே ஏறுவார்? எந்த ஒழுங்கைக்கு முதலில் தோணி அனுப்ப வேண்டும் என்பதை ஒரு திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்!

நகரத் திட்டமிடுபவர்கள் செய்யும் மந்திரம் இதுதான். ஒரு வரைபடத்தின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று! வீடுகள் ஓர் அடுக்கு, வெள்ளம் ஏறும் தாழ்நிலம் ஓர் அடுக்கு, பள்ளிக்கூடங்கள் ஓர் அடுக்கு. தட்டில் தோசை அடுக்கியது போல! எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தால், ஆபத்து எங்கே, அடைக்கலம் எங்கே என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். இந்த ஓபன்ஸ்ட்ரீட்மேப் தொடங்கியது 2004இல். இன்று அதில் பெயர் பதிந்தவர்கள் எத்தனை பேர்? 1 கோடிக்கும் மேல்! 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டி நாட்டில் பூகம்பம் வந்தபோது, அந்த நாட்டுத் தலைநகரத்துக்கு நல்ல வரைபடமே இருக்கவில்லை. உலகத்தின் பல மூலைகளில் இருந்த தொண்டர்கள் சில நூறு பேர், வீட்டில் உட்கார்ந்தபடியே, சில வாரங்களில் வரைந்து கொடுத்துவிட்டார்கள்! மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீதி வீதியாகப் போயின!

உங்கள் கைப்பேசிக்குள் ஐன்ஸ்டைன் இருக்கிறார், தெரியுமா?

வரைபடத்தில் நீலப் புள்ளி ஒன்று நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டுகிறதல்லவா? அதற்கான சமிக்ஞை சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. அவற்றில் இருப்பவை அணுக் கடிகாரங்கள். அங்கே மேலே நேரம் நம்முடைய நேரத்தைவிட வேகமாக ஓடுகிறது! நாள் ஒன்றுக்கு ஒரு வினாடியில் பத்து இலட்சத்தில் 38 பங்கு! இத்துணூண்டுதானே என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒரே நாளில் 10 கிலோமீற்றருக்கு மேல் பிழை வந்துவிடும். செட்டிபாளையத்தில் நிற்பவரை நடுக்கடலில் நிற்பதாகக் காட்டும்! ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை கொண்டு அந்த வித்தியாசத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒன்றரை மணி நேரம் இருந்தது!

2004 டிசம்பர் 26. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி குலுங்கியபோது இலங்கையில் நேரம் காலை 6.58. நம் கிழக்குக் கரையை அலை தொட்டது எப்போது? ஏறத்தாழ 8.30க்கு. நடுவில் இருந்தது சுமார் ஒன்றரை மணி நேரம்! ஆழ்கடலில் சுனாமி ஒரு ஜெட் விமானத்தின் வேகத்தில், மணிக்கு 700, 800 கிலோமீற்றர் என்று ஓடும். ஆனாலும் ஒன்றரை மணி நேரம் இருந்தது! கடற்கரை வீட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட அது போதுமே!

ஏன் யாரும் சொல்லவில்லை? பசிபிக் கடலுக்கு 1949இலேயே எச்சரிக்கை நிலையம் வந்துவிட்டது. இந்து சமுத்திரத்துக்கு 2004இல் அப்படி ஒன்று கிடையாது! அன்று இலங்கை முழுவதும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இதை எழுதும்போது கை நின்றுதான் போகிறது.

இன்று? கடலடியில் வைக்கும் ஒரு கருவி இருக்கிறது. மேலே ஆயிரக்கணக்கான மீற்றர் தண்ணீர். அத்தனை ஆழத்தில் கிடந்துகொண்டே, கடல் மட்டம் ஒரே ஒரு சென்றிமீற்றர் உயர்ந்தாலும் அது கண்டுபிடித்துவிடும்! உடனே மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். செயற்கைக்கோள் தரைக்குச் சொல்லும். எல்லாம் சில நிமிடங்களில்! 2011 முதல் இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் சேர்ந்து இந்து சமுத்திர நாடுகளுக்குச் சுனாமி எச்சரிக்கையை அனுப்பி வருகின்றன.

2012 ஏப்ரல் 11 நினைவிருக்கிறதா? அதே சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் பூகம்பம்! இந்த முறை எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் அலை வருவதற்கு முன்பே எழுந்து நடந்தார்கள். பூமி பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. எட்டு வருடங்களுக்குள் எவ்வளவு மாற்றம் பாருங்கள்!

ஆனால் கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள எழுவான்கரை ஊர்களுக்கு ஒரு தனிக் கேள்வி இருக்கிறது. கடலைவிட்டு ஓடினால் வாவி! ஓடிப் போய் எங்கே நிற்பது? எந்த ஒழுங்கை நேராக மேட்டுக்குப் போகிறது, எந்தப் பள்ளிக்கு மாடி இருக்கிறது, எந்தப் பாலத்தால் அக்கரை போகலாம் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்க வேண்டும். அந்தக் கணக்கைத்தான் கணினி நொடியில் போட்டுத் தரும்!

உப்பு நீரின் மேல் மிதக்கிறது உங்கள் கிணறு, தெரியுமா?

இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அதிசயம்!

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. இரண்டும் உப்பு. ஆனால் நடுவில் பத்தடி தோண்டினால் இனிக்கும் தண்ணீர்! எப்படி? மாரி மழை மணலுக்குள் இறங்குகிறது. நன்னீர் உப்பு நீரைவிட இலேசானது. அதனால் அடியில் இருக்கும் உப்பு நீரின் மேலே, ஒரு பூதக்கண்ணாடி வில்லையைப் போல அது மிதந்துகொண்டிருக்கிறது!

கணக்கைக் கேளுங்கள். கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே 40 மீற்றர் நன்னீர் நிற்கும்! ஒல்லாந்தர் ஒருவர் 1888இலும், ஜெர்மானியர் ஒருவர் 1901இலும் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு இது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், திடுக்கிடும்! மேலே நன்னீரை 1 மீற்றர் குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நீர் 40 மீற்றர் ஏறி வரும்!

அதனால்தான் பெரிய மோட்டார் போட்டு இறைப்பது ஆபத்து. களுவாஞ்சிகுடி, களுதாவளைப் பக்கத்தில் மிளகாயும் வெங்காயமும் வெற்றிலையும் செழிப்பதே இந்த மிதக்கும் தண்ணீரை நம்பித்தானே!

சுனாமிக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? கிணறுகளுக்குள் கடல் புகுந்துவிட்டது. நல்ல மனதோடு வந்தவர்கள் கிணறுகளை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்தார்கள். பத்தரமுல்லையில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம், மட்டக்களப்புப் பக்கத்திலும் கிழக்குக் கரையிலும் சுமார் 150 கிணறுகளைத் தொடர்ந்து அளந்து பார்த்தது. முடிவு ஆச்சரியம்! அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு குறைவதற்குப் பதிலாக அடியிலிருந்து மேலே ஏறிவிடும்! மழைதான் மெல்ல மெல்லக் கழுவிக் கொடுத்தது.

உப்பை அளக்க எவ்வளவு பெரிய கருவி வேண்டும்? ஒரு பேனா அளவு! தண்ணீரில் நனைத்தால் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து உப்பின் அளவைச் சொல்லிவிடும். உப்பு கூடக் கூட மின்சாரம் கூடப் பாயும், அவ்வளவுதான். ஊரில் இருபது கிணற்றை மாதம் ஒரு முறை அளந்து வரைபடத்தில் குறித்தால், எங்கே புதிய வீட்டுத்திட்டம் கட்டலாம், எங்கே மலசலகூடக் குழி தோண்டவே கூடாது என்பது பிரதேச சபைக்குக் கையில் கிடைத்துவிடும்!

வெனிஸுக்கு 78 கதவுகள்! நமக்கு?

இத்தாலியின் வெனிஸும் வாவிக்குள் இருக்கும் நகரம்தான். கடல் பொங்கினால் வீதியெல்லாம் தண்ணீர். அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாவியின் மூன்று வாய்களிலும் கடலடியில் 78 இரும்புக் கதவுகளைப் படுக்க வைத்தார்கள்! அலை உயரும் என்று கணினி சொன்னதும் கதவுகளுக்குள் காற்றைச் செலுத்துவார்கள். கதவுகள் எழுந்து நின்றுவிடும்! 2020 ஒக்டோபர் 3 அன்று முதன்முறையாக உண்மையான கடற்பெருக்கைத் தடுத்துக் காட்டின. நகரம் காய்ந்தே இருந்தது!

மட்டக்களப்பு வாவிக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. 56 கிலோமீற்றர் நீளமான வாவி! வடகீழ்ப் பருவமழையில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் ஆறும் குளமும் வயலும் எல்லாம் இதற்குள்தான் கொட்டும். ஆனால் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். தண்ணீர் கடலுக்குள் போக வழி தேடி ஊருக்குள் ஏறும்! அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். சீக்கிரம் வெட்டினால் மீனுக்கும் இறாலுக்கும் பாதிப்பு. பிந்தினால் வயலும் வீடும் போச்சு!

எந்த மணி நேரத்தில் வெட்டுவது? வாவிக்குள் நாலைந்து இடத்தில் நீர்மட்டம் அளக்கும் கருவி. மேலே குளங்களின் நிலவரம். வானிலைச் செயற்கைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒன்று அனுப்பும் மேகப்படம். கடலின் வற்று, பெருக்கு நேரம். இந்த நான்கையும் ஒரே திரையில் வைத்தால் போதும். 78 கதவும் வேண்டாம், கோடி கோடியாய் யூரோவும் வேண்டாம்!

இருட்டிலும் மேகத்திலும் பார்க்கும் கண்!

வெள்ள நாளில் வானம் முழுக்க மேகம். சாதாரணச் செயற்கைக்கோள் படம் எடுத்தால் வெள்ளைப் பஞ்சுதான் தெரியும். ஐரோப்பாவின் சென்ரினல்-1 செயற்கைக்கோள் என்ன செய்கிறது தெரியுமா? சுமார் 690 கிலோமீற்றர் உயரத்திலிருந்து ராடார் அலையை அனுப்புகிறது. அந்த அலைக்கு மேகமும் ஒன்றுதான், நடுநிசியும் ஒன்றுதான்! தரை அலையைச் சிதறடிக்கும். தண்ணீர் கண்ணாடி போல அதை வேறு பக்கம் திருப்பிவிடும். அதனால் வெள்ளம் நின்ற இடமெல்லாம் படத்தில் கறுப்பாகத் தெரியும்! 2014இல் முதலாவது பறந்தது. படத்தின் விலை? இலவசம்! உலகில் யாரும் தரவிறக்கலாம்!

பந்தாடும் மைதானம் குளமாகும், தெரியுமா?

நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் 2013இல் ஒரு சதுக்கம் திறந்தார்கள். வெயில் நாளில் பிள்ளைகள் அங்கே கூடைப்பந்து ஆடுகிறார்கள். மழை கொட்டினால்? அதே சதுக்கம் 17 இலட்சம் லீற்றர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது! மழை விட்டதும் மெதுவாக வடிய விடுகிறது.

கோலாலம்பூர் இன்னும் ஒரு படி மேலே! 2007இல் திறந்த 9.7 கிலோமீற்றர் நீளச் சுரங்கம். அதன் ஒரு பகுதியில் கார்கள் ஓடும். பெரு வெள்ளம் வந்தால் கார்களை வெளியே அனுப்பி, கதவை மூடி, ஆற்றையே உள்ளே திருப்பிவிடுவார்கள்! வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி கார்கள்! சுரங்கம் மலேசியாவுக்குச் சரி. நம் மணல் தரைக்கு ரொட்டர்டாம் மைதானம்தான் பொருத்தம் என்பேன். பள்ளி மைதானத்தை ஓரடி பள்ளமாக்கினால் மழைநீர் நின்று மணலுக்குள் இறங்கும். மேலே சொன்ன மிதக்கும் வில்லை கொழுக்கும்!

மழையை அளப்பது புதிய வேலை என்று நினைக்கிறீர்களா? கொரியாவில் 15ஆம் நூற்றாண்டிலேயே ஒரே அளவான மழைமானி செய்து ஊர் ஊராகக் கொடுத்துவிட்டார்கள்! எவ்வளவு மழை என்று ஒவ்வோர் ஊரும் அரசனுக்கு எழுதி அனுப்ப வேண்டும்! ‘சென்சார்’ வலைப்பின்னலின் பாட்டன் அது! ஒரு மழைமானியும் ஒரு குறிப்புப் புத்தகமும் இருந்தால், நமது பள்ளிப் பிள்ளைகள் நாளைக்கே தொடங்கிவிடலாம்!

பாடும் மீனும் ஒழுகும் குழாயும்!

மட்டக்களப்பு ‘மீன் பாடும் தேன் நாடு’ என்பது எல்லோருக்கும் தெரியும். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறு முனையைக் காதில் வைப்பார்கள். அடியிலிருந்து ஓசை ஏறி வரும்! 1950களில் பாதிரியார் லாங் என்ற அமெரிக்க இயேசு சபைத் துறவி அந்த ஓசையைப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது!

இதே வித்தையைத்தான் இன்று நகரங்கள் குடிநீர்க் குழாய்க்குச் செய்கின்றன, தெரியுமா? குழாயில் ஒரு ஊசித் துளை இருந்தாலும் தண்ணீர் பீய்ச்சும்போது மெல்லிய ஓசை எழும். குழாயின் இரண்டு இடங்களில் ஒலிவாங்கி வைத்து, ஓசை எதற்கு முந்தி வந்தது என்று பார்த்தால் துளை எங்கே என்று தெரிந்துவிடும். வீதியைக் கிண்டிக் கிண்டித் தேடவே தேவையில்லை! நம் துடுப்புக்காரர்கள் நூற்றாண்டுக் காலமாய்ச் செய்தது இதுதானே!

கம்போடியாவின் நொம்பென் நகரம் 1993இல் தன் குடிநீரில் எவ்வளவு இழந்தது தெரியுமா? 72 சதவீதம்! ஒழுக்கும் திருட்டும் சேர்ந்து! குழாய்களை மாற்றி, மீற்றர் பொருத்தி, ஒழுக்கைத் தேடித் தேடி அடைத்து, சுமார் பதினைந்தே ஆண்டுகளில் அதை 6 சதவீதமளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்! பணக்கார நகரங்களே வெட்கப்படும் அளவு!

மிதக்கும் பாதையைப் பார்த்திருக்கிறீர்களா?

வெளியூர்க்காரர்களுக்கு இது புதினம். மட்டக்களப்பில் ‘பாதை’ என்றால் நடக்கிற வழி மட்டுமல்ல. வாவியில் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் போய்வரும் தட்டையான மிதவைக்கும் பெயர் பாதைதான்! குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு, குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை என்று இரு கரைக்கும் எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்! மண்முனையிலும் பாதைதான் ஓடியது. 2014இல் யப்பான் உதவியோடு பாலம் வந்தது. கல்லடியில் 1924இல் கட்டிய ஒற்றை வழி இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப் பாலம் வந்தது. 89 வருட இடைவெளி!

இனி கேரளத்தைப் பாருங்கள்! கொச்சியும் காயல் சூழ்ந்த ஊர். அங்கே 2023 ஏப்ரலில் ‘வாட்டர் மெட்ரோ’ தொடங்கினார்கள். இந்தியாவில் முதலாவது! மின்கலத்தில் ஓடும் படகுகள்! ஆக மொத்தம் 78 படகுகள், 38 துறைகள், 10 தீவுகள் என்பது திட்டம். படகு ஏறி இறங்கும் மேடை தண்ணீரோடு சேர்ந்து உயர்ந்து தாழும். சக்கர நாற்காலியில் வருபவரும் தடங்கலின்றி ஏறலாம்! ஏறுவதற்குப் பயணச்சீட்டு அட்டையைத் தட்டினால் போதும்! 56 கிலோமீற்றர் வாவிக்கு இந்தக் கனவு பெரிதா என்ன?

300 கோடி அழைப்புகள் சொன்ன பஸ் பாதை!

தென்கொரியாவின் சியோலில் 2013இல் நடுநிசிப் பஸ் விட வேண்டும் என்றார்கள். எந்த வழியில்? நள்ளிரவுக்குப் பின் செய்யப்பட்ட 300 கோடி கைப்பேசி அழைப்புகளின் பதிவை எடுத்தார்கள். பேசியது என்ன என்று பார்க்கவில்லை, எந்த இடத்திலிருந்து என்று மட்டும்! ஆட்கள் எங்கே கூடியிருக்கிறார்கள், எங்கே வீடு என்று தெரிந்துவிட்டது. அதன்படி பஸ் ஓடியது. பெயர் ‘ஆந்தைப் பஸ்’!

நம் கொழும்பிலும் இது நடந்தது, தெரியுமா? லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனம், பெயர் விவரம் நீக்கிய கைப்பேசிப் பதிவுகளை வைத்துப் பார்த்தது. பகலில் கொழும்பு நகரில் இருப்பவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வெளியிலிருந்து வருபவர்கள்! வீடு வீடாகக் கேட்டு எடுத்தால் வருடக்கணக்கில் ஆகும் கணக்கு!

கடகடவென்று இன்னும் சில!

சிங்கப்பூரில் 1998 முதல் வீதிக்கு மேலே நிற்கும் வளைவுகள் கார்களிடம் தாமாகவே கட்டணம் எடுத்துக்கொள்கின்றன! நெரிசல் நேரத்தில் அதிகம், மற்ற நேரத்தில் குறைவு!

ஸ்பெயினின் சந்தாந்தர் நகரில் மக்கள் சுமார் 1.8 இலட்சம். சென்சார்கள்? 12,000க்கும் மேல்! குப்பைத்தொட்டி நிரம்பியதும் அதுவே சொல்லும்!

இந்தியா 2015 ஜூன் 25 அன்று 100 நகரங்களுக்குத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் 11! அங்கே அதற்கு வைத்த பெயர் ‘சீர்மிகு நகரம்’. அழகாக இல்லையா?

2015 வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக்கு 2019இல் ஒரு கணினி எச்சரிக்கை முறை வந்தது. எந்தப் பகுதியில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று முன்பே கணக்கிடுகிறது!

நகரத்துக்கு மட்டும்தானா? இந்தியாவில் 2020இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் ட்ரோன்கள் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு மேலே பறந்து வளவு வளவாக அளந்துவிட்டன! வேலிச் சண்டைக்கு வானத்திலிருந்து ஒரு சாட்சி!

2015இல் தன் கண்டல் காடுகள் அனைத்தையும் சட்டப்படி காப்பதாக அறிவித்த உலகின் முதல் நாடு எது தெரியுமா? இலங்கை! வாவியோரத்துக் கண்டல் குறைகிறதா, கூடுகிறதா என்பதை இன்று செயற்கைக்கோள் படத்தில் ஒரு மரக்கூட்டம் விடாமல் பார்க்கலாம்!

ஊரைக் கேட்காமல் செய்தால்?

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கனடாவின் ரொறன்ரோவில், தமிழர்கள் நிறைய வாழும் அதே ஊரில், 2017இல் கூகுளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த சைட்வாக் லாப்ஸ் ஏரிக்கரையில் 12 ஏக்கரில் ஒரு ‘எதிர்கால நகரம்’ கட்டப் போவதாக அறிவித்தது. வீதியெல்லாம் சென்சார்! எங்களைப் பற்றிச் சேர்க்கும் தகவல் யாருக்குச் சொந்தம் என்று மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2020 மே மாதம் அந்த நிறுவனம் திட்டத்தையே கைவிட்டது! கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ, ஆனால் அந்த மக்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. எந்த ஊரும் அதைக் கேட்க வேண்டும்.

மட்டக்களப்பின் 30,000 கட்டடங்கள் எனக்கு அதனால்தான் பெரிதாகத் தெரிகின்றன. அந்த வரைபடம் எந்த நிறுவனத்தின் பெட்டிக்குள்ளும் பூட்டிக் கிடக்கவில்லை. திறந்து கிடக்கிறது! பிரதேச செயலகமும் பார்க்கலாம், பள்ளிப் பிள்ளையும் பார்க்கலாம்!

உங்கள் ஒழுங்கை அதில் இருக்கிறதா?

அந்தத் திட்டம் எடுத்துக்கொண்டது மண்முனை வடக்கை. செட்டிபாளையம் இருப்பதோ மண்முனை தெற்கு எருவில் பற்றில்! அப்படியானால் இங்கே யார் வரைவது? வேறு யார், நீங்கள்தான்!

கைப்பேசியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறவுங்கள். செட்டிபாளையம் என்று தமிழிலேயே தேடுங்கள். உங்கள் ஒழுங்கை இருக்கிறதா? பெயர் இருக்கிறதா? மாரியில் தண்ணீர் நிற்கும் மதகு இருக்கிறதா? மாடியுள்ள பள்ளிக் கட்டடம் இருக்கிறதா? வயது போன அம்மம்மா தனியே இருக்கும் வீட்டுக்கு வாகனம் போகுமா, நடந்துதான் போக வேண்டுமா என்பது தெரிகிறதா? ஆளின் பெயரைப் போடவே வேண்டாம், வழியை மட்டும் போடுங்கள்!

இல்லாததைச் சேர்க்க ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். காசு ஒரு சதமும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்து வாவிக்கரை வரை ஒரு நடை நடந்து பாருங்கள். மாரி தொடங்குவதற்கு முன்பே ஊரை வரைந்து முடித்துவிடுங்கள்!